மீன் கருவின் இதயம்

ஹைடல்பெர்க், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? பூண்டு அறுப்பு முடிந்ததா? பூம்பாறையில் பிறந்தவளுக்கு இந்த ஊர்க் குளிர் பெரிதில்லை. மாலை நாலரைக்கே இருட்டிவிடுவதுதான் இன்னும் பழகவில்லை. ஞாயிறன்று கடை இருக்காது என்பதால் அரிசி, பருப்பு எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடுகிறேன்.

மீன் முட்டையைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனாய் என்று போனில் கேட்டீர்களே, அதைச் சொல்கிறேன்.

வரிக்குதிரை மீன் நம் நாட்டு ஆற்று மீன்தான். அதன் கரு உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும்படி இருக்கும். ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். ஜெல்லிமீனிலிருந்து வந்த ஒரு புரதத்தால் இதயத் தசை பச்சையாக ஒளிரும்படி செய்திருக்கிறார்கள். வழக்கமான லேசர் நுண்ணோக்கியில் ஒளி கருவின் மொத்த ஆழத்தையும் சுட்டுவிடும். இங்கே லேசரைச் சில மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தடிமனில் தகடாக விரித்துப் பக்கவாட்டில் விடுகிறோம்; கேமரா அதற்குச் செங்குத்தாகப் பார்க்கும். நம் அடுப்படியில் ஓட்டு இடுக்கு வழியாக வெயில் இறங்கும்போது அந்தக் கற்றைக்குள் மட்டும் புகை தெரியுமே, அதே கணக்குதான். 1903-லேயே இந்த யோசனை வந்துவிட்டது. உயிருள்ள கருவுக்கு இதைக் கொண்டுவந்து 2004-இல் உலகுக்குக் காட்டியவர்கள் இதே ஊர் ஆய்வகத்துக்காரர்கள்.

கருவுக்கு மயக்க மருந்து கொடுத்து, அகரோஸ் என்ற, ஆறினால் உறையும் வெதுவெதுப்பான கூழோடு மெல்லிய கண்ணாடிக் குழாயில் உறிஞ்சுவேன். கூழ் உறைந்ததும் நுனியை மட்டும் வெளியே தள்ளி, இதயம் கேமரா பக்கம் வரும்வரை திருப்புவேன். திரையில் ரத்த அணுக்கள் ஒவ்வொன்றாக மேலறையிலிருந்து கீழறைக்குப் பாய்வது தெரியும். அப்பா, முதல் தடவை பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. நிமிடத்துக்கு 120 தடவைக்கு மேல் துடிப்பதால் ஒரே மூச்சில் முழு இதயத்தையும் படமெடுப்பது கஷ்டம். அடுக்கடுக்காகப் பல துடிப்புகளை எடுத்து, ஒரே கணத்துக்குரிய படங்களைக் கணினி சேர்த்துக் கொடுக்கும்.

பெரியப்பா பேரனுக்கு இதயத்தில் ஓட்டை என்று மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோமே. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று இதயக் குறையோடு பிறக்கிறது. மீனுக்கு இரண்டே அறை, நடுச்சுவர் கிடையாது. ஆனாலும் இதயத்தைக் கட்டும் மரபணுக்களில் பல நமக்கும் அதற்கும் பொது. அப்புறம், இந்தக் கரு தண்ணீரிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், இதயம் கெட்டாலும் சில நாள் உயிரோடு இருக்கும். குறை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கூடவே இருந்து பார்க்கலாம். அதற்காகத்தான் வந்தேன்.

தம்பி போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெரியப்பா வீட்டிலும் காட்டுங்கள்.

அன்பு மகள்