ராஜினாமா யார் விருப்பம்?

ஐயா,

வேலை இழந்தவருக்கு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் ஓர் உதவி உண்டு. 2018-ல் வந்த ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’. (பெயரே பாதிப் பேர் வாயில் நுழையாது, கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!) சராசரி தினக்கூலியில் பாதி, 90 நாள் வரை, ஆயுளில் ஒரே முறை. விருப்ப ஓய்வு என்றால் கிடையாது.

சிக்கலே அங்கேதான். ஆட்குறைப்பு என்று எழுத எந்த முதலாளிக்கு மனசு வரும்? “ராஜினாமா எழுதிக் கொடு, கணக்கை முடித்துத் தருகிறோம்” என்பார்கள். சம்பளப் பாக்கி அவர்கள் கையில் இருக்கும்போது கையெழுத்துப் போடாமல் என்ன செய்வது? அப்புறம் தொழிலாளி தானாகவே விலகினார் என்றாகி, உதவியும் கைநழுவுகிறது.

சம்பளப் பாக்கி, வெளியேற வைக்கத் தரும் திடீர் இடமாற்றம் எதையும் பாராமல் அந்த ராஜினாமாத் தாளை மட்டும் வைத்து உதவி கேட்கும் மனுவைத் தள்ளக் கூடாது. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் தொழிலாளியையும் நேரில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், தாழையூத்து