அம்மாவின் காதும் 17 எழுத்தும்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பதிலேயே காலைப்பொழுது போய்விடுகிறது, அதான் தாமதம். பேத்தி பிறந்த செய்தி கேட்டு அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

ஃபிபனாச்சி எண்கள் செய்யுளுக்குள் எப்படி வந்தன என்று கேட்டிருந்தாய், அது சுலபம். லகு என்ற குறில் அசைக்கு ஒரு மாத்திரை (ஒலிக்கும் கால அளவு), குரு என்ற நெடில் அசைக்கு இரண்டு. நான்கு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? கடைசியில் லகு வந்தால் முன்னால் மூன்று மாத்திரை, குரு வந்தால் இரண்டு. மூன்றுக்கு 3 வழி, இரண்டுக்கு 2, ஆக 5. அடுத்தது 8, பிறகு 13. வடமொழி யாப்புக்காக ஹேமசந்திரர் 12ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். ஃபிபனாச்சியின் முயல் கணக்கு 1202இல்தான்.

எனக்குச் சொல்ல இருப்பது வேறு. வெள்ளிக்கிழமை அம்மாவுக்காகப் பக்கத்து வீட்டுப் பெண் அபிராமி அந்தாதி படித்தாள். எங்கோ இலவசமாகக் கொடுத்த புத்தகம். முதல் பாட்டிலேயே "உதிக்கும் செங்கதிர்" என்றாள். அம்மா கண்ணைத் திறக்காமலே, "நில்லு, கால் தட்டுது" என்றார். வாங்கிப் பார்த்தேன், அச்சுப்பிழை.

அந்தாதியின் யாப்பு கட்டளைக் கலித்துறை, அடிக்கு ஐந்து சீர். அதில் புள்ளி எழுத்தைத் தள்ளி எண்ணினால், நேரசையில் (ஓரெழுத்து அசை) தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் (ஈரெழுத்து அசை) தொடங்கினால் 17. கல்லூரியில் நெட்டுருப் போட்டோமே! "உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்" விரல்விட்டு எண்ணிப் பார்: 4, 3, 2, 3, 5. மொத்தம் 17. "பூத்தவளே புவனம் பதினான்கையும் பூத்தவண்ணம்" 16. அம்மா படித்ததோ ஐந்தாவது வரைதான், யாப்பு என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார்.

அந்தாதி பாடிய அபிராமி பட்டர் உட்கார்ந்து எழுத்தா எண்ணினார்? ராத்திரி அதையே யோசித்தேன். எண்ண வேண்டியதே இல்லை, மூர்த்தி! வெண்டளை, அதாவது ஒரு சீர் முடிவதற்கேற்ப அடுத்த சீர் தொடங்கும் விதி, தப்பாமல் வந்தால் போதும். சீருக்கு மூன்று எழுத்து என்று வைத்துக்கொள். "உச்சித்" தேமா (நேர், நேர்), இரண்டுதான், ஒன்று கடன். ஆனால் மாவுக்குப் பின், அதாவது நேரில் முடியும் ஈரசைச் சீருக்குப் பின், நிரை வந்தாக வேண்டும். "திலகம்" நிரையில் தொடங்கி அந்தக் கடனை அடைக்கிறது. தானும் மாச்சீர் என்பதால் அடுத்ததற்குக் கடன் வைக்கிறது. கடைசிச் சீர் விளங்காய் (மூன்று அசை, நடுவில் நிரை, முடிவில் நேர்), அதற்கு நான்கு. பழைய பாக்கி இருந்தால் ஐந்து. கூட்டினால் 12, 4, ஆக 16. அடியின் முதல் அசை நிரையானால் மட்டும் ஒன்று கூடுகிறது. நடுவில் வருவதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது, நீ பள்ளியில் நடத்திய தொடர் கூட்டல் மாதிரி.

"உதிக்கும்" என்று போட்டால் மாவுக்குப் பின் "செங்" என்று நேர் வருகிறது. கடன் அடைபடவில்லை. அம்மாவுக்குத் தட்டியது அந்த இடம்தான்.

மிருதங்கத்தில் முடிவுக்கு மூன்று முறை வாசிப்பாயே, உன் தீர்மானம், அதுவும் இப்படித்தானே? ஆதி தாளத்தில் பத்து பத்தாக மூன்று, இரண்டு இடைவெளியிலும் ஒரு மாத்திரை கார்வை (நிறுத்தம்), ஆக 32, தாளம் தொடங்கும் சமத்தில் வந்து விழும். நீ கணக்குப் போடுவதற்குள் உன் கை போய்விடும். அதுசரி, மிருதங்கத்தை மகன் வீட்டுக்கு எடுத்துப் போனாயா, பரணிலேயே கிடக்கிறதா?

அன்புடன்,
ராமு