பரவனாற்றில் அன்று எவ்வளவு தண்ணீர் ஓடியது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெய்வேலிச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள நீரின் தரம் பற்றி வரும் செய்திகளை விடாமல் படிக்கிறேன். பாதரசம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று எழுதுகிறார்கள். அந்தத் தண்ணீரை எடுத்த நேரத்தில், சுரங்க நீர் சேரும் பரவனாற்றில் வினாடிக்கு எத்தனை கன அடி ஓடியது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து மதகும், நீர்மட்டத்தைக் காட்டும் கேஜும் பார்த்தவன் நான். அந்த ஒரு எண் இல்லாவிட்டால் மற்ற எண்களை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீரில் மிதக்கும் துகள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. சரி, தாண்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 10 கன அடி ஓடினால் ஒரு நாளில் சுமார் இரண்டரை டன் மண் போகும். 100 கன அடி ஓடினால் 24 டன்னுக்கு மேல். இரண்டுமே விதிக்கு உட்பட்டவைதான். ஆனால் கீழே இருக்கும் பெருமாள் ஏரிக்கு இரண்டும் ஒன்றா? ஏற்கெனவே தூர்ந்து கிடக்கும் ஏரி அது.

பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துவிடும் என்பதால் இரவு பகலாக மோட்டார் ஓடுகிறது. அந்த நீரை நம்பி நடவு செய்பவர்களும் இங்கே இருக்கிறோம். தண்ணீரே வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. வருவது என்ன, எவ்வளவு என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மழைக்காலம்தான் முக்கியம். மேல்மண்ணைக் கொட்டிய மேடுகள் முதல் பெருமழையில் கரைந்து இறங்கும். தெளிந்து ஓடும் நாளில் ஒரு பாட்டில் பிடித்துப் போனால் அது தெரியவே தெரியாது. 2015 நவம்பரில் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனதைப் பார்த்த மாவட்டம் இது. இங்கே ஓட்டத்தை அளப்பது பயிருக்காக மட்டுமல்ல.

செலவு ஒன்றும் பெரிதில்லை. சுரங்கத்துக்கு மேலே ஓர் இடம், இறைத்த நீர் சேரும் இடம், பெருமாள் ஏரிக்குள் நுழையும் இடம் என்று மூன்று இடங்களில் கேஜ் வேண்டும். நீரின் வேகத்தை அளக்கும் ஓட்டமானியை வைத்து ஒருமுறை முறையாக அளந்து, நீர்மட்டம் எத்தனை அடி இருந்தால் எத்தனை கன அடி ஓடும் என்று அட்டவணை போட வேண்டும். வெள்ளம் வந்து படுகை மாறினால் மறுபடி அளக்க வேண்டும். மூன்று இடத்திலும் ஒரே நாளில் மாதிரி எடுக்க வேண்டும்; கனமழை பெய்யும் நாளிலும்தான். சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்தில் எனக்குக் காட்டிய ஆய்வுத்தாளில் எடுத்த இடமும் இல்லை, தேதியும் இல்லை. அப்படி இல்லாமல், ஓட்டம், தரம் இரண்டையும் ஏரி மதகிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் பாலத் தூண்களில் அடிக்கணக்கையாவது பெயிண்டில் எழுதிவிடும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லஸ்கர்,
குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்.