மகனுக்கு, அவன் வாங்கியிருக்கும் பாராசூட்டைப் பற்றி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

நீ அனுப்பிய பதினொரு படங்களையும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மூன்று நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறொருவர் பயன்படுத்திய சாதனத்தை வாங்கிவிட்டாயே என்ற வருத்தம் எனக்கு இல்லை. நன்றாகப் பேணப்பட்ட பழைய ஹார்னெஸ் (உடலில் மாட்டும் பட்டைகளும் பையும்), கவனிப்பாரில்லாமல் வெயிலில் கிடந்த புதியதைவிட எவ்வளவோ மேல். ஆனால் படத்தைப் பார்த்து "சரியாக இருக்கிறது, குதி" என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாயே, அதை மட்டும் என்னால் செய்ய முடியாது, கண்ணா. இருபத்திரண்டு ஆண்டுகள் ரிக்கராக, அதாவது பாராசூட்டுகளை மடித்துச் சோதித்துச் சீர்செய்பவளாக, இருந்தவள் நான். துணியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தால் தெரிகிற எதுவும் படத்தில் தெரிவதில்லை என்பது எனக்குத் தெரியும். விற்றவருக்கு வேண்டியவராக இல்லாத ஒரு ரிக்கரிடம் அதைக் கொண்டுபோய், மெயின் என்னும் முதன்மைப் பாராசூட், அது கைவிட்டால் திறக்க வேண்டிய ரிசர்வ் இரண்டையும் முழுதாகப் பிரித்துப் பார்க்கச் சொல். அவர் பார்க்கும்போது நீ வெளியே போய்விடாமல் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொன்றையும் ஏன் தொடுகிறார் என்று கேள்.

உன் கடிதத்தில் என்னை உறங்கவிடாமல் செய்தது பழைய சாதனம் அல்ல; இன்னும் சில மாதங்களில் 150 சதுர அடி மெயினுக்கு மாறப்போவதாக நீ எழுதியிருந்த ஒற்றை வரிதான். இப்போது உன்னிடம் இருப்பது 190 சதுர அடி. உடல், உடை, சாதனம் எல்லாம் சேர்த்து நீ 200 பவுண்டு வருகிறாய். ஆகவே ஒரு சதுர அடிக்கு 1.05 பவுண்டு ஏறுகிறது. 150க்கு மாறினால் அது 1.33 ஆகிவிடும். வேகம் இந்த எண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டியே உயரும் என்பதால், எட்டில் ஒரு பங்குதானே கூடுகிறது என்று உனக்குத் தோன்றலாம். தரையைத் தொடும்போது உன் கால்களும் முதுகும் தாங்க வேண்டிய ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி உயர்கிறது. அது கால் பங்குக்கும் மேலே கூடிவிடும். அதைவிட முக்கியமானது, சிறிய பாராசூட்டில் கயிறுகளும் குட்டையாக இருக்கும் என்பது. ஒரு பக்க டாகிளை (திருப்பும் கைப்பிடியை) இழுத்தால் அது சட்டென்று திரும்பும். திரும்பும்போதே முகம் கவிழ்ந்து இறங்கி, நீ கணக்குப் போட்டதைவிட அதிக உயரத்தை விழுங்கிவிடும்.

நான் வேலை பார்த்த காலத்தில், விபத்துச் செய்தி வந்தவுடன் எல்லாரும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள், "பாராசூட் திறக்கவில்லையா?" என்று. பல விபத்துகளில் பாராசூட் திறந்திருந்தது, அழகாக, ஒரு குறையும் இல்லாமல் திறந்திருந்தது. அதற்குக் கீழே தொங்கியவர் தரைக்கு மிக அருகில் திரும்பியிருந்தார். குறுக்கே இன்னொருவர் வந்துவிட்டார், அல்லது காற்றை எதிர்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் நினைவு வந்தது. கை தானாக இழுத்துவிட்டது. காற்றோடு இறங்க நேர்ந்தாலும் பரவாயில்லை, பாராசூட்டைச் சமமாக வைத்துக்கொண்டு, கால்களைச் சேர்த்து, முழங்காலைத் தளர்த்தி உருண்டு எழு. தாழ்வான உயரத்தில் இழுத்துத் திரும்பாதே. இதை நீ பயிற்சியில் கேட்டிருப்பாய். கேட்டது கைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், இப்போது இருக்கும் 190 சதுர அடியிலேயே, உயரத்தில் இருக்கும்போது, அதிகம் இறங்காமல் தட்டையாகத் திரும்புவதை ஒவ்வொரு குதிப்பிலும் பழகு. நீ இதுவரை குதித்திருக்கும் 47 குதிப்பு அதற்குப் போதாது. உன் பயிற்றுநர் உன் இறக்கங்களைப் பலவிதக் காற்றில் பார்த்துவிட்டு "சரி" என்று சொன்னால் 170க்குப் போ. அதற்கு முன் வேண்டாம் என்று உன் தாயாகவும், இந்தத் தொழில் தெரிந்தவளாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொன்றை நீ யோசித்திருக்க மாட்டாய். நீ வாங்கியிருக்கும் பை, 190 சதுர அடித் துணியின் பருமனுக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டது. அதில் 150ஐ மடித்து வைத்தால் உள்ளே தொளதொளவென்று இருக்கும். பையை மூடிவைக்கும் கயிற்றுக் கண்ணியில் இழுவிசை குறையும். அந்தக் கண்ணியில் செருகியிருக்கும் பின் (ஊசி) தளர்ந்து நிற்கும். விமானத்துக்குள் ஒருவர் முதுகு இருக்கையிலோ கதவிலோ உரசினாலே அந்தப் பின் நழுவிவிடலாம். திறந்த கதவருகே அப்படிப் பை திறந்து மெயின் வெளியே போய்விட்டால், அது அவரை வெளியே இழுத்துக்கொண்டு போகும். பாராசூட் விமானத்தின் வாலில் சிக்கினால் உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து. ஒரு விரல் நீளக் கயிறுதான் அந்தக் கண்ணி. அதில் ஒரு இழை பிசிறியிருந்தாலும் மாற்றிவிடு. மெயினை மூடிய பிறகு, கண்ணியை மேலே இழுக்கக் கோத்த இழுப்புக் கயிற்றை வெடுக்கென்று உருவாதே. பின்னுக்கு அடியில் படியும்படி மெதுவாக உருவு. வேகமாக உருவினால் உரசும் சூட்டிலேயே கண்ணி கருகித் தேயும். தேய்ந்த கண்ணிகளை நான் வாங்கிப் பார்க்கும்போதெல்லாம் பாதிக்கு மேல் இப்படி அவசரக் கையால் தேய்ந்தவையாகத்தான் இருந்தன.

உன் ஏழாவது படத்துக்கு வருகிறேன். வலத் தோளில் உள்ள மூன்று வளையங்களை அதில் நெருக்கமாக எடுத்திருக்கிறாய். 1970களின் நடுவில் பில் பூத் கண்டுபிடித்த அமைப்பு இது. எத்தனையோ பேர் இன்று உயிரோடு இருப்பதற்கு இதுவே காரணம். கீழே ஹார்னெஸில் பெரிய வளையம். அதற்குள் ரைசரின் (மெயினின் கயிறுகளைத் தோளோடு இணைக்கும் பட்டையின்) நடு வளையம். அதற்குள் சிறிய வளையம். சிறியதன் மேல் ஒரு வெள்ளைக் கண்ணி, அந்தக் கண்ணிக்குள் மஞ்சள் கேபிள். ஒவ்வொரு வளையமும் நெம்புகோல்போல் நின்று சுமையைக் குறைத்து அடுத்ததிடம் ஒப்படைப்பதால், உன் முழு எடையும் தொங்கும்போதுகூட அந்த வெள்ளைக் கண்ணிக்கு வந்துசேர்வது சிறு பாரம்தான். கேபிளை உருவினால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டு, சுழன்றுகொண்டிருக்கும் மெயின் உன்னை விட்டுப் போகும். இதைத் தவறாகக் கோத்தால் ஆபத்து: ஒவ்வொரு வளையமும் தனக்கு அடுத்த ஒரே ஒரு வளையத்துக்குள்தான் போக வேண்டும், வெள்ளைக் கண்ணி மிகச் சிறிய வளையத்தை மட்டும்தான் பிடிக்க வேண்டும். உன் படத்தில் கோப்பு சரியாகவே இருக்கிறது. ஆனால் கண்ணி சாம்பல் நிறமாகத் தெரிகிறது. அது அழுக்கா, நைந்துபோனதா என்பதை ரிக்கரிடம் கேள். மாதம் ஒருமுறை இந்த வளையங்களை முழுதாகக் கழற்றி, விறைத்துப் போயிருக்கும் பட்டைகளை வளைத்து வளைத்துத் தளர்த்தி, மஞ்சள் கேபிளைத் துடைத்து வை. அதில் பிசுக்கு ஏறினால், உருவ வேண்டிய நேரத்தில் கேபிள் இறுகும்.

மெயினை வெளியே இழுக்க நீ காற்றில் எறியும் குட்டிப் பாராசூட்டான பைலட் சூட்டின் பட்டையில் சிறு சன்னல் ஒன்று இருக்கிறதே, அதில் வண்ணம் தெரிகிறதா என்று மடிக்கும்போதே பார். வண்ணம் தெரியாவிட்டால் பைலட் சூட் சுருங்கிய நிலையிலேயே இருக்கிறது என்று பொருள். காற்றில் எறிந்தால் அது வெறும் துணியாக உன் பின்னால் பறந்துகொண்டு வரும், பின்னை இழுக்காது.

ரிசர்வைப் பற்றி எழுதும்போது, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரிசர்வின் மடல்களை ஒவ்வொன்றாக மூடும்போது, கண்ணி நழுவிவிடாமல் இருக்க ஒரு தற்காலிகப் பின்னைச் செருகிவைப்போம். அடுத்த மடல் வந்ததும் அதை உருவி மேலே செருகுவோம். எல்லாம் முடிந்து உண்மையான பின் உள்ளே போன பிறகு, சிவப்பு நூலால் கட்டி, ஈய முத்திரை பதித்து, அட்டையில் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். அதற்கு முன் கருவிகளை எண்ணியாக வேண்டும். தற்காலிகப் பின் ஒன்று உள்ளே தங்கிவிட்டால், பிடியை எவ்வளவு இழுத்தாலும் ரிசர்வ் திறக்காது. நீ ஏழாம் வகுப்பில் படித்த ஆண்டு அது. ஒரு மாலையில் முத்திரை பதித்து, அட்டையில் கையெழுத்திட்டு, சாதனத்தை உரியவர் கையில் கொடுத்துவிட்டேன். பிறகுதான் மேசையைத் துடைக்கும்போது கவனித்தேன்: மூன்று பின்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. எண்ணுவதை நான் முத்திரைக்கு முன்னே செய்திருக்க வேண்டும், அன்று செய்யவில்லை. ஓடிப்போய் வண்டியை நிறுத்தி, அவர் கையிலிருந்து பையைத் திரும்ப வாங்கி, அவர் கண்முன்னேயே முத்திரையை அறுத்தேன். அவர் கோபித்துக்கொண்டார், மறுநாள் காலை குதிப்புக்கு இடம் பதிவு செய்திருந்தார். மடிப்பு மடிப்பாகப் பிரித்தேன். உள்ளே பின் இல்லை. தையல் இயந்திரத்தின் மிதிக்கு அடியில் கிடந்தது. இரவு பதினோரு மணிவரை உட்கார்ந்து மீண்டும் மடித்து, ஒவ்வொரு மடலுக்கும் ஒருமுறை பின்களை எண்ணினேன். அந்த இரவுதான் நான் தாமதமாக வந்ததற்கு நீ அழுதது. காரணம் சொல்லாமல் உன்னைத் தூங்கவைத்தேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் பையில் இப்போது இருக்கும் முத்திரைக்குப் பின்னாலும் என்னைப் போன்ற ஒரு கை இருக்கிறது. அந்த முத்திரையில் உள்ள குறி யாருடையது, அட்டையில் உள்ள கையெழுத்தும் அதுவும் ஒருவருடையதுதானா, கடைசியாக மடித்த தேதி என்ன என்று பார். அமெரிக்காவில் 2008க்கு முன் 120 நாட்களுக்கு ஒருமுறை ரிசர்வைப் பிரித்து மடிக்க வேண்டும் என்றிருந்தது. இப்போது அங்கே 180 நாட்கள். நீ குதிக்கும் இடத்தின் விதி எதுவோ அதைப் பின்பற்று. துணி மடிப்பில் இருப்பதால் கெட்டுவிடும் என்பதல்ல காரணம். யாராவது பிரித்துப் பார்க்க வேண்டும், அதற்குத்தான்.

ரிசர்வைத் தானாகத் திறக்கும் ஏ.ஏ.டி. கருவி இருப்பதால் பயமில்லை என்று எழுதியிருந்தாய். 1991இல் ஜெர்மனியில் ஹெல்முட் க்ளோத் சைப்ரஸ் என்ற ஏ.ஏ.டி.யைக் கொண்டுவந்த பிறகு எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அது என்ன செய்கிறது என்பதை மட்டும் சரியாகத் தெரிந்துகொள். அதன் வழக்கமான அமைப்பில், சுமார் 750 அடிக்கு வந்தும் நீ வினாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், அது ரிசர்வை மூடிவைத்திருக்கும் கண்ணியை அறுத்து, அதைத் திறக்கவிடும். வயிறு கீழாக விழும் ஒருவர் வினாடிக்கு 55 மீட்டர் இறங்குவார். 750 அடியிலிருந்து தரைக்கு நான்கே வினாடி. பாதி விரிந்த மெயின் சுழன்றுகொண்டு, அந்த வேகத்துக்குச் சற்றுக் குறைவாக உன்னை இறக்கினால், கருவி எதுவும் செய்யாது. அது செய்ய வேண்டும் என்று அமைக்கப்படவும் இல்லை. வேறொரு உயரத்தில் உள்ள தளத்துக்குப் போனால் அதை அணைத்து, அங்கே தரையில் வைத்து மீண்டும் இயக்கு. தயாரித்த ஆண்டையும் பார். கருவிக்கு ஆயுள் உண்டு.

மெயின் சரியில்லை என்றால் அதை விட்டு ரிசர்வைத் திறப்பதென்று, கருவிக்கு முன்னால் முடிவெடுக்க வேண்டியவன் நீ. அமெரிக்கப் பாராசூட் சங்கம் மாணவர்களுக்கும் ஏ உரிமம் உள்ளவர்களுக்கும் 2500 அடியை முடிவெடுக்கும் உயரமாக வைத்திருக்கிறது. எதுவுமே திறக்காமல் விழுகிறவருக்கு அங்கிருந்து தரைவரை பதினான்கு வினாடிதான். பயிற்சிக் காலத்தில் உன் ரிசர்வ் பிடி உலோக வளையம். இதில் மெயினை விடுவிக்கும் வலது பிடி, ரிசர்வைத் திறக்கும் இடது பிடி இரண்டுமே மெத்தைப் பிடிகளாக இருப்பதைப் படத்தில் பார்த்தேன். தொட்டால் வித்தியாசம் தெரியாது. அதனால் பார்த்துப் பிடி, வலது, இழு. பார்த்துப் பிடி, இடது, இழு என்று ஒவ்வொரு குதிப்பு நாளிலும் தரையில் ஹார்னெஸில் தொங்கி, கை தானாகப் போகும்வரை பழகு. மெயின் விட்டுப் போகும்போதே ரிசர்வைத் திறந்துவிட, ரைசரிலிருந்து ரிசர்வ் பின்னுக்குப் போகும் ஆர்.எஸ்.எல். பட்டையைக் கழற்றிவைக்காதே, நண்பர்கள் எவ்வளவு சொன்னாலும் கேட்காதே.

அணியும்போது ஒருமுறை, ஏறும் முன் ஒருமுறை, கதவு திறக்கும் முன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். மூன்று வளையங்கள், மூன்று பட்டைகள், மூன்று பிடிகள். முதுகுப் பின்னை நீயே பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூச்சப்படாதே. அவருடையதை நீ பார்.

இந்தக் கடிதம் கிடைத்ததும், ரிசர்வ் அட்டையின் இரண்டு பக்கங்களையும், முத்திரையையும், ஏ.ஏ.டி.யின் தயாரிப்பு ஆண்டு தெரியும் பகுதியையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. வலத் தோளின் அந்த வெள்ளைக் கண்ணியை, கேபிளை உருவி வெளியே எடுத்து, தனியாகவும் ஒரு படம் எடு. நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா