பெட்டி நிறைய அரிசி எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனிக்குப் படிக்கப் போற பிள்ளைங்க என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு உங்க பேப்பர்ல ஒரு லிஸ்ட் வந்திருந்துச்சு, அம்மா அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. இட்லி அரிசி, பருப்பு, நெய், கறிவேப்பிலைன்னு நீளமா போட்டிருந்தீங்க. நான் டோர்ட்முண்ட்ல குடும்பத்தோட பல வருஷமா இருக்கேன், ஒவ்வொரு அக்டோபரும் செமஸ்டர் ஆரம்பிக்கிறப்ப புதுசா வர்ற பசங்களைப் பாக்குறேன், அதனால சொல்றேன், அந்த லிஸ்ட்ல பாதி இங்கயே கிடைக்குது, மீதியில சிலது ஏர்போர்ட்டைத் தாண்டாது.

ஐரோப்பிய யூனியனுக்குள்ள இந்தியாலேர்ந்து வர்றவங்க இறைச்சி, பால் பொருள் கொண்டு வரக்கூடாது. நெய்யும் அதுல சேர்த்திதான், சிக்கன் ஊறுகாயும்தான். எங்க பில்டிங்ல மாடியில இருக்கற பையனுக்கு அவங்கம்மா வீட்ல வெண்ணெய் உருக்கி பாட்டில்ல ஊத்தி, சிந்தக்கூடாதுன்னு கவர் மேல கவரா சுத்திக் குடுத்திருக்காங்க, கஸ்டம்ஸ்ல எடுத்துக் குப்பையில போட்டுட்டாங்க, பையன் சமாளிச்சுக்கிட்டான் ஆனா அந்தம்மா போன்ல அழுதது எனக்கு இன்னும் மனசு கேக்கல. கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் இதெல்லாம் பூச்சி நோய் இல்லைன்னு அரசாங்க சர்டிபிகேட் இருந்தாத்தான் விடுவாங்க, தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை மாதிரி ரொம்பச் சிலதுக்குத்தான் அது வேண்டாம். இதுல அவங்க எவ்வளவு கறாரா இருப்பாங்கன்னா 2014 மே மாசம் பழ ஈ மாதிரி பூச்சிங்க இருக்குன்னு சொல்லி மாம்பழத்தோட கத்திரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு இலை எல்லாத்தையும் இந்தியாலேர்ந்து வரவே கூடாதுன்னு நிறுத்திட்டாங்க, மாம்பழத்துக்குக் கதவு திறந்ததே 2015லதான். ஆனா கருவாடு 20 கிலோ வரைக்கும் கொண்டு வரலாம், இது நிறைய பேருக்குத் தெரியல.

சரி, அப்ப இங்க என்ன சாப்பிடுறதுன்னு கேப்பீங்க. எங்க ஊர்ப்பக்கம் எசன், டோர்ட்முண்ட், ஹாம் எல்லாத்துலயும் ஈழத்தமிழர் கடை இருக்கு. 1983 கலவரத்துக்கு அப்புறம் அகதியா வந்தவங்க, பெட்டியில பருப்பு கட்டிக் குடுக்க ஆளில்லாம வந்தவங்க, ரெஸ்டாரண்ட்ல பாத்திரம் கழுவி மிச்சம் பிடிச்சு வச்ச கடைங்க அது. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பச்சைக் கறிவேப்பிலை, புட்டு மா, ஃப்ரீசர்ல தேங்காய்ப்பூ எல்லாம் இருக்கும். நான் போற கடையில வியாழக்கிழமை சாயங்காலம் காய் இறங்கும், அந்த ஐயா "பிள்ளை, வெண்டிக்காய் நல்லதா வந்திருக்கு, எடுங்கோ"ன்னு எடுத்துக் குடுப்பார். ஹாம்ல காமாட்சி அம்மன் கோயில் இருக்கு, 2002ல கும்பாபிஷேகம் ஆச்சு, அங்க தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா பூரா இருந்து ஜனம் வரும். இவங்களைப் பத்தி உங்க லிஸ்ட்ல ஒரு வரி கூட இல்லாததுதான் எனக்கு ரொம்ப வருத்தம், அவங்க தயவுலதான் நாங்கெல்லாம் இன்னைக்கு சாம்பார்ல முருங்கைக்காய் போடுறோம்.

அந்தக் கடை இல்லாத சின்ன ஊர்ல சேர்ற பசங்களும் பயப்பட வேண்டாம். சாதாரண சூப்பர் மார்க்கெட்லயே மைசூர் பருப்பு ரோட்டே லின்சன்னு இருக்கும், குக்கர் இல்லாமலே சீக்கிரம் வெந்துரும், ஹாஸ்டல் அடுப்புக்கு அதுதான் சரி. மில்ஷ்ரைஸ்னு ஒரு குண்டு அரிசி, வெண்பொங்கலுக்கு அருமையா குழையும். மோருக்கு புட்டர்மில்ஷ். ரவை வாங்கறப்ப மட்டும் ஹார்ட்வைட்சன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, இன்னொண்ணு குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சறது, உப்புமா களி ஆயிடும். வெண்டைக்காய், கொத்தமல்லி, புதினாவுக்கு துருக்கிக்காரங்க கடை, மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய்க்கு ஆப்பிரிக்கக் கடை. நல்லெண்ணெய்னு நினைச்சு சைனீஸ் கடையில வறுத்த எள்ளுல எடுத்த கறுப்பு எண்ணெயை வாங்கிடாதீங்க, இட்லிப் பொடிக்கு அது சேரவே சேராது.

அப்ப 23 கிலோ பெட்டியில என்னதான் வைக்கறது? மிக்ஸி வைங்க. இங்க கிடைக்கிற பிளெண்டர்ல உளுந்து அரைபடாது, கரண்ட் ரெண்டு நாட்லயும் 230 வோல்ட்தான், பிளக்குக்கு ஒரு அடாப்டர் போதும். இட்லித் தட்டு, இடியாப்ப அச்சு, ஸ்டீல் குக்கர் வைங்க, அலுமினியம் வேண்டாம், இண்டக்‌ஷன் அடுப்புல சூடே ஆகாது. அப்புறம் உங்க வீட்டு மிளகாப்பொடி, உங்க வீட்டு சாம்பார் பொடி, அது மட்டும்தான் எந்தக் கடையிலயும் கிடைக்காது. குளிர்காலத்துல மாவு பொங்கலைன்னா ஓவனுக்குள்ள வச்சு லைட்டை மட்டும் போட்டு விட்டா காலையில பொங்கியிருக்கும்.

செப்டம்பர்ல பசங்க கிளம்புவாங்க. அதுக்கு முன்னாடி எது கொண்டு வரக்கூடாதுங்கறதை மட்டுமாவது ஒரு கட்டம் கட்டி முதல் பக்கத்துல போடுங்க, போன தடவை லிஸ்ட்ல இருந்த நெய்யையும் கறிவேப்பிலையையும் எடுத்துருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, டோர்ட்முண்ட், ஜெர்மனி