பிரம்மஞான சபை அன்பர்களுக்கு: எந்த ஆரம்ப நோக்கத்தைக் காப்பாற்றப் போகிறீர்கள்?

அடையாறு பிரம்மஞான சபையின் (தியசாபிகல் சொசைட்டி) பொதுக்குழுவினருக்கும் ஊர்தோறும் உள்ள லாட்ஜ், அதாவது உள்ளூர்க் கிளை அன்பர்களுக்கும் வணக்கம்.

சபை எதற்காக, யாருக்காக என்ற பழைய சண்டை ஓய்ந்தபாடில்லை. சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் தந்த போதனையை விட்டு விலகினால் அப்புறம் இந்தப் பெயர்ப்பலகையே எதற்கு என்கிறது ஒரு தரப்பு. தியானமோ யோகாவோ ரெய்கியோ, யார் எதைக் கொண்டுவந்தாலும் மேடை கொடுப்போம், அப்போதுதான் இளைஞர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு பேரிடமும் எனக்கு ஒரே கேள்விதான். ஆரம்ப நோக்கம் என்கிறீர்களே, அது எந்த ஆரம்பம்?

1875 நவம்பரில் நியூயார்க்கில் சபை தொடங்கியபோது விதிகளில் எழுதியிருந்த நோக்கம், பிரபஞ்சத்தை ஆளும் விதிகளைப் பற்றிய அறிவைத் திரட்டிப் பரப்புவது. அவ்வளவுதான். இனம், மதம், பால், சாதி, நிறம் பாராத மனித சகோதரத்துவம் என்று இன்று முதல் நோக்கமாக நீங்கள் அச்சடிப்பது அன்றைய விதிகளில் இல்லை. அது சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது, வந்த பிறகு முதலிடத்தையும் பிடித்துக்கொண்டது. மனித சகோதரத்துவம், மதங்களையும் தத்துவத்தையும் அறிவியலையும் ஒப்பிட்டுப் படிப்பது, இயற்கையின் விளங்காத விதிகளையும் மனிதனுள் மறைந்திருக்கும் ஆற்றல்களையும் ஆராய்வது என்ற மூன்று நோக்கங்களின் வாசகம் ஏறக்குறைய இன்றைய வடிவத்துக்கு வர 1896 ஆனது. ஆக, தொடங்கியவர்களே தங்கள் நோக்கத்தைத் திருத்தி எழுதியவர்கள்தான். அந்தத் திருத்தம்தான் சபை செய்த காரியங்களிலேயே உருப்படியானது என்பது என் கட்சி.

ஏன் என்றால், இந்த மண்ணில் சபைக்கு மரியாதை தேடித் தந்தது அந்த முதல் நோக்கம்தான். 1894ல் சபையின் முதல் தலைவர் ஆல்காட் அடையாறு பக்கத்தில் பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். 1898ல் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டின் துணையோடு இலங்கை போய் பௌத்தம் ஏற்றுத் திரும்பினார், இங்கே சாக்கிய பௌத்த சங்கம் உருவானது. ஒரு சபையின் தலைவர் தன் சபைக்கு ஆள் சேர்க்காமல், ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் வழியில் தங்கள் மதத்தைத் தேடிக்கொள்ளத் துணை நின்றார் பாருங்கள், திறந்திருப்பது என்றால் எனக்கு அதுதான்.

அதே சபையில்தான் இன்னொன்றும் நடந்தது. 1909ல், அப்போது தலைவராக இருந்த அன்னி பெசன்ட், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு பள்ளியில் நெருக்கி உட்காரவைக்கக் கூடாது என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் அம்பேத்கர் அதை நீளமாக எடுத்துக் காட்டி விமர்சித்தார். சாதி பாராத சகோதரத்துவம் அப்போதும் விதிப்புத்தகத்தில் அப்படியே இருந்தது, ஒரு எழுத்து மாறவில்லை. நோக்கத்தைக் காப்பாற்றுவது என்றால் வாசகத்தைக் காப்பாற்றுவது என்று நினைப்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

மேடையை எல்லோருக்கும் திறந்துவிடுவோம் என்பவர்களுக்கும் சரித்திரத்தில் பாடம் இருக்கிறது. அதே 1909ல்தான் சபையின் மூத்த உறுப்பினர் லெட்பீட்டர் அடையாறு கடற்கரையில் கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனைப் பார்த்தார் (பின்னாளில் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று அறியப்பட்டவர்), வரப்போகும் உலக ஆசான் அவர்தான் என்ற நம்பிக்கையில் 1911ல் ஸ்டார் அமைப்பு தொடங்கியது. சட்டப்படி அது தனி அமைப்பு, ஆனால் சபையின் தலைவரே அதன் முகம். ஜெர்மன் கிளையை நடத்திய ருடால்ஃப் ஸ்டைனர் தரப்பு ஸ்டார் உறுப்பினர்களை ஏற்க மறுத்தது. பெசன்ட் 1913ல் அந்தக் கிளையின் சாசனத்தையே ரத்து செய்தார். ஒரு தரப்பு நம்பியவர்களைத் தள்ளியது, மறு தரப்பு நம்பாதவர்களைத் தள்ளியது, இதில் திறந்த மனது எங்கே இருந்தது என்று யாராவது சொல்லுங்கள். கடைசியில் 1929 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தின் ஓமனில், ஆசான் என்று அறிவிக்கப்பட்டவரே அமைப்பைக் கலைத்தார். அவருக்குத் தெரிந்தது அவரைச் சுற்றியிருந்த பெரியவர்களுக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

இதையெல்லாம் சமாளிக்க உங்கள் பொதுக்குழுவே இரண்டு தீர்மானங்கள் போட்டு வைத்திருக்கிறது. 1924 தீர்மானம் எல்லோருக்கும் மனப்பாடம்: எந்தக் கோட்பாடும் எந்த உறுப்பினரையும் கட்டுப்படுத்தாது, பிளாவட்ஸ்கி முதல் எவருக்கும் தம் கருத்தைத் திணிக்கும் அதிகாரம் இல்லை, மூன்று நோக்கங்களை ஏற்பது ஒன்றே உறுப்பினராகத் தகுதி, கருத்துக்காக யாரும் பதவித் தகுதியையோ வாக்குரிமையையோ இழக்க மாட்டார். 1950 தீர்மானத்தை யாரும் எடுப்பதே இல்லை. ஒத்துவரும் அமைப்புகளோடு சபை ஒத்துழைக்கும், ஆனால் அவற்றிலிருந்து முழுக்கச் சுதந்திரமாக இருக்கும், தன் நோக்கங்களைத் தவிர வேறெதற்கும் கட்டுப்படாது என்கிறது அது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். ஆளுக்குத் தடை இல்லை, எந்தச் சந்தேகத்தோடும் வரலாம். ஆனால் சபையின் பெயரை எவருக்கும் இரவல் கொடுக்க முடியாது. ஒரு வகுப்பு நடத்த வேண்டுமா, மூன்றில் எந்த நோக்கத்துக்காக என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேறு மண்டபம் பார்க்கச் சொல்லுங்கள், அதில் ஒன்றும் குறுகிய மனது இல்லை.

மீதிப் பாதி கடினமானது. பிளாவட்ஸ்கி அம்மையார் 1888ல் வெளியிட்ட 'தி சீக்ரெட் டாக்ட்ரின்' என்ற பெரிய நூலில் மூல இனங்கள், அதாவது மனிதகுலம் அடுத்தடுத்த இனங்களாக வளர்ந்தது என்ற கருத்து பற்றிய பக்கங்கள் இருக்கின்றன. சில மக்கள் கூட்டங்களைத் தாழ்ந்த வம்சமாகச் சொல்லும் வரிகளும் அதில் உண்டு. இனம் பாராத சகோதரத்துவத்தை ஏற்றுக் கையெழுத்திட்டவர் அந்த வரிகளை எப்படி வாசிப்பது? 'ஆழ்ந்த அர்த்தம் உண்டு' என்று நழுவுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நூலையே ஒதுக்கிவிட்டு மூச்சுப் பயிற்சிக்குப் போய்விடுவதும் நழுவல்தான். நூலுக்கும் முதல் நோக்கத்துக்கும் மோதல் வந்தால் நோக்கமே மேலே என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 1924 தீர்மானம் அதற்கு இடம் கொடுக்கிறது.

சபை உறுப்பினர்கள் சிலர் தனியாகச் சேர்ந்திருக்கும் எஸோடெரிக் (மறைஞான) பிரிவு பற்றியும் ஒரு வார்த்தை. உறுதிமொழி எடுத்து உள்வட்டமாக இயங்குவது அவரவர் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பெசன்ட் காலத்திலும் பின்னாள் தலைவர் ராதா பர்னியர் காலத்திலும் சபைக்கும் இந்தப் பிரிவுக்கும் தலைமை ஒரே ஆளாக இருந்ததால், வெளியே இருப்பவருக்கு உள்ளே என்ன முடிவாகிறது என்ற சந்தேகம் வருவது இயற்கை. இரண்டு பொறுப்பும் இனி ஒருவர் கையில் சேராது என்று விதி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

டிசம்பர் மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் ஒரு முழுக் காலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். 1909 கட்டுரையையும் மூல இனப் பக்கங்களையும் மேடையில் வைத்து வாசியுங்கள். பேச அழைப்பவர்களில் பாதிப் பேராவது சபையில் சேராதவர்களாக, அயோத்திதாசரைப் படித்தவர்களாக இருக்கட்டும். அவர்கள் பேசியதை வெட்டாமல் அப்படியே அச்சிடுங்கள்.