41,000 பேரில் ஒருத்தி

ஓக்கம், ரட்லண்ட், இங்கிலாந்து
2026 ஜனவரி 18

அன்புள்ள கோமு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. பானை இறக்கின கையோடு இரண்டாம் தடவையும் படித்தேன். முட்டிவலிக்குப் பிண்டத்தைலம் போடுகிறாய் என்று எழுதியிருந்தாய். தேய்த்த கையோடு மாடிப்படி ஏறாதே. உனக்கு யாராவது சொல்ல வேண்டுமே!

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "உங்க ஊரை யார் ஆள்றாங்க, எத்தனை ஜனம், கலெக்டர் உண்டா?" பதினோரு வருஷத்தில் இதை என்னிடம் கேட்டவள் நீ ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் குளிரைப் பற்றிக் கேட்பார்கள், இல்லாவிட்டால் லண்டன் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். சென்சஸ் டூட்டி பார்த்தவளுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ரட்லண்ட் ஒரு கவுண்டி, நம் ஜில்லா மாதிரி என்று வைத்துக்கொள். கலெக்டர் கிடையாது. மன்னரின் பிரதிநிதியாக லார்ட் லெப்டினன்ட் என்று ஒருவர் உண்டு, ஆனால் அது மரியாதைப் பதவி. விழாக்களுக்கு வருவார், நினைவுத் தூணில் மலர்வளையம் வைப்பார். ஆட்சி நடத்துவது கவுன்சில். 15 வட்டாரங்களிலிருந்து 27 கவுன்சிலர்கள், நாலு வருஷத்துக்கு ஒரு தேர்தல். போன தேர்தலில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை வரவில்லை. பள்ளிக்கூடம், ரோடு, குப்பை, நூலகம், வீடு கட்ட அனுமதி, முதியோர் பராமரிப்பு, அனாதைப் பிள்ளைகள் பொறுப்பு எல்லாம் இந்த 27 பேர் தலையில்தான். பக்கத்துக் கவுண்டியான லெஸ்டர்ஷயரில் இதை இரண்டு அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். ரோடு மேல் சபைக்கு, குப்பை கீழ்ச் சபைக்கு. எங்களுக்கு இரண்டும் ஒரே இடம். ஓக்கத்தில் கேட்மோஸ் என்ற பழைய வீட்டில் ஆபீஸ் இருக்கிறது. என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

அதற்கும் கீழே கிராமத்துக்குக் கிராமம் பாரிஷ் கவுன்சில் உண்டு. சின்ன ஊர்களில் அதுகூட இல்லை. ஓட்டுரிமை உள்ளவர்கள் எல்லாரும் வருஷத்தில் ஓரிரு தடவை ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள், அவ்வளவுதான். நம் கிராம சபை மாதிரி. எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்காதே, அதுவும் நம் கிராம சபை மாதிரிதான்.

இனி ஜனத்தொகை. 2011 கணக்கில் ஏறக்குறைய 37,400. 2021-இல் 41,000. அந்தப் பத்து வருஷத்தில் இங்கிலாந்து 6.6 சதவீதம் வளர்ந்தபோது எங்கள் ரட்லண்ட் 9.8 சதவீதம் வளர்ந்தது. அப்படி வளர்ந்தும் இங்கிலாந்தில் இதைவிடக் குறைந்த ஜனம் உள்ள உள்ளாட்சிப் பகுதிகள் இரண்டே இரண்டு: லண்டனுக்கு நடுவே இருக்கும் பழைய சிட்டி ஆஃப் லண்டனும், கடலுக்குள் கிடக்கும் சில்லி தீவுகளும். பரப்பளவு 382 சதுர கிலோமீட்டர். தலைநகரான ஓக்கத்திலேயே 12,000 பேர்தான். இன்னொரு டவுன் அப்பிங்கம், ஐயாயிரத்துக்குள். மிச்சமெல்லாம் தேன் நிறக் கல்லில் கட்டின கிராமங்கள், செம்மறி ஆடு, கோதுமை வயல்.

இந்த 41,000 யார் யார் என்று பார்த்தபோதுதான் எனக்கு 1991 ஞாபகம் வந்தது. பிப்ரவரி 28 ராத்திரி, வீடில்லாதவர்களை எண்ண வேண்டும் என்று நீயும் நானும் டார்ச் லைட்டோடு அம்பாசமுத்திரம் ரயிலடிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? பெஞ்சில் படுத்திருந்த கிழவர் எழுந்து உட்கார்ந்து, "என்னையும் எழுதிக்கிடுவீகளா தாயி?" என்று கேட்டார். எழுதினோம். அப்புறம் வழி நெடுக நீ பேசவே இல்லை.

இங்கேயும் அப்படி வீடு என்ற கணக்குக்குள் அடங்காதவர்கள் இருக்கிறார்கள். ஸ்டோக்கன் என்று ஒரு ஜெயில், ஆயிரம் பேர் அளவுக்கு இருக்கும் பெரிய ஜெயில். இரண்டு ராணுவ முகாம்கள், இரண்டுமே பழைய விமானப்படைத் தளங்கள். அப்புறம் ஓக்கத்திலும் அப்பிங்கத்திலும் ஒவ்வொரு உறைவிடப் பள்ளி. இரண்டையும் ஒரே பாதிரியார் 1584-இல் தொடங்கினார். இங்கிலாந்துக் கணக்கில் ஆறு மாசமோ அதற்கு மேலோ தண்டனை அனுபவிக்கிறவன் ஜெயிலில்தான் எண்ணப்படுவான். விடுதிப் பிள்ளை பள்ளிக்கூடம் இருக்கும் ஊரில் எண்ணப்படும். அதனால் இந்த ஊர்க் கணக்கில் ஓர் ஓரம் எப்போதும் மாறிக்கொண்டே இருக்கிறது. முதியோர் நிறைந்த ஊரில் பெண்கள்தான் அதிகமாக இருக்க வேண்டும், இங்கே நாலில் ஒருவர் 65 தாண்டியவர். ஆனாலும் கணக்கில் ஆண்கள் கூடுதலாக வருவதுண்டு. ஜெயிலும் முகாமும்தான் காரணம். சிறையில் தண்டனை அனுபவிக்கிறவருக்கு இந்த நாட்டில் ஓட்டு இல்லை. பிள்ளைகளுக்கு வயது வரவில்லை. கணக்கில் உண்டு, ஓட்டில் இல்லை. அந்த ரயிலடிக் கிழவரை நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஓட்டு உண்டு தெரியுமா? நான் இன்னும் இந்தியப் பிரஜைதான். ஆனால் காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் முறையான அனுமதியோடு இங்கே குடியிருந்தால் எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். 2023 மே 4, வியாழக்கிழமை. அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று இங்கிலாந்து முழுக்க முதல் தடவையாகச் சட்டம் வந்த தேர்தல் அது. நம் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். மூன்று சிங்கத்தைப் பார்த்தார்கள், பேரைச் சரிபார்த்தார்கள், சீட்டைக் கொடுத்தார்கள். நூலில் கட்டின பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன். விரலில் மை வைக்கவில்லை. வெளியே வந்து அனிச்சையாக இடது ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டேன்.

அந்த ஓட்டு வாங்கினவரை நான் சனிக்கிழமைச் சந்தையில் பார்ப்பேன். எங்கள் தெருமுனையில் நடைபாதைக் கல் ஒன்று எழும்பி நின்றது. மேல்வீட்டு அம்மாள் 84 வயதில் அதில் தடுக்கி விழப் பார்த்தார். காலிஃபிளவர் வாங்கிக்கொண்டு நின்ற கவுன்சிலரிடமே சொன்னேன். மூன்றாம் வாரம் கல் சமமாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார், ஒரு கவுன்சிலருக்கு 1,500 பேர். பர்மிங்காமில் 11 லட்சத்து 45 ஆயிரம் ஜனத்துக்கு 101 கவுன்சிலர்கள், ஆளுக்குப் பதினோராயிரத்துக்கு மேல். அங்கே காலிஃபிளவர் கடையில் கவுன்சிலரைப் பிடிக்க முடியுமா?

இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது கோமு. இந்த ஊரைக் கலைக்கப் போகிறார்கள்.

முதல் தடவை இல்லை. 1960-களின் தொடக்கத்திலேயே இவ்வளவு சின்னக் கவுண்டி எதற்கு என்று பேச்சு எழுந்தது. ஊரார் சண்டை போட்டுத் தடுத்தார்கள். ஆனால் 1972 சட்டம் வந்து, 1974 ஏப்ரல் 1-ஆம் தேதி ரட்லண்ட் தனிக் கவுண்டி என்ற அந்தஸ்தை இழந்தது. லெஸ்டர்ஷயர் கவுண்டிக்குள், கீழ் அடுக்கில், ஒரு மாவட்டமானது. வயசானவர்கள் அதை இன்னும் ஒரு சாவுச் செய்தி மாதிரி சொல்வார்கள். 23 வருஷம் விடாமல் கேட்டு, 1997 ஏப்ரல் 1-இல் திரும்ப வாங்கினார்கள். புதுச் சபை அமைக்காமல் இருந்த மாவட்ட சபைக்கே கவுண்டியின் அதிகாரத்தையும் கொடுத்ததால், சட்டப்படி இதன் பேர் 'ரட்லண்ட் கவுண்டி கவுன்சில் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்'. இழந்ததும் மீட்டதும் அந்தப் பேரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது மறுபடியும். 2024 டிசம்பரில் மத்திய அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. இரண்டு அடுக்குச் சபைகளை ஒழித்து ஒற்றைச் சபைகளாக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஐந்து லட்சம் ஜனம் அளவுக்கு இருக்க வேண்டும் என்று. ஐந்து லட்சத்துக்கும் 41,000-க்கும் எங்கே பொருத்தம்? போன நவம்பர் கடைசிக்குள் யோசனைகளை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பிவிட்டார்கள். லெஸ்டர்ஷயரின் மெல்ட்டன், சார்ன்வுட் பகுதிகளை எல்லாம் சேர்த்து லெஸ்டருக்கு வடக்கே ஒரு சபை, அதற்குள் ரட்லண்ட் என்பது ஒரு யோசனை. கிழக்கே ஸ்டாம்ஃபர்டு இருக்கும் லிங்கன்ஷயர் பக்கம் போனால் நல்லது என்று இன்னொரு சாரார். பாராளுமன்றத் தொகுதி ஏற்கெனவே ரட்லண்டும் ஸ்டாம்ஃபர்டும் சேர்ந்ததுதான். முடிவு லண்டனில். புதுச் சபைகள் 2028 ஏப்ரலில் பொறுப்பேற்கும் என்கிறார்கள்.

சேர்ப்பதற்கு நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே வீட்டுக்கு விதிக்கும் கவுன்சில் வரி இங்கிலாந்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. மத்திய அரசின் மானியம் தலைக்கு மிகக் குறைவு. மிச்சத்தை நாங்கள்தான் கட்ட வேண்டும். சின்னச் சபைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கடும் ஊனமுள்ள இரண்டு மூன்று பிள்ளைகளின் பராமரிப்பு வந்து சேர்ந்தாலே வரவுசெலவு ஆடிப்போகும். போலீசும் தீயணைப்பும் எப்போதும் லெஸ்டர்ஷயரோடு சேர்ந்துதான். பெரிய ஆஸ்பத்திரி இங்கே கிடையாது. அவசரம் என்றால் லெஸ்டருக்கோ பீட்டர்பரோவுக்கோ ஓட வேண்டும்.

ஆனாலும் பெரிதானால் சரியாகிவிடும் என்கிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த 11 லட்சம் ஜனமுள்ள பர்மிங்காம்தான் 2023 செப்டம்பரில் வரவுக்கு மேல் செலவு போய்விட்டது என்று கைவிரித்து நோட்டீஸ் விட்டது. எங்களுக்குத் தெற்கே நார்தாம்ப்டன்ஷயர் 2018-இல் அதையே செய்தது. அதைக் கலைத்து இரண்டாக்கினார்கள்.

எங்கள் 27 பேர் தப்பே செய்யாதவர்கள் என்றில்லை. அந்த இரண்டு ராணுவ முகாம்களில் ஒன்றான செயின்ட் ஜார்ஜ் முகாம் நிலத்தில் பெரிய குடியிருப்பு கட்டுவதற்கு அரசு தர இருந்த 2 கோடியே 94 லட்சம் பவுனை 2021-இல் வேண்டாம் என்றார்கள். கிராமத்துப் பக்கம் நகரமாகிவிடும் என்ற பயம். அதனால், எங்கெங்கே வீடு கட்டலாம் என்று வகுத்துத் தயாராக இருந்த ஊர்த் திட்டமே கைவிடப்பட்டது. சரியா தப்பா என்று இன்றைக்கும் இங்கே இரண்டு கட்சி உண்டு. எனக்குப் பிடித்தது, யாரைத் திட்டுவது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ரட்லண்ட் வாட்டர் ஏரிக்கரைக்குப் போனேன். நம் மணிமுத்தாறு அணை போல நீண்ட கரை. 1970-களில், பீட்டர்பரோ, நார்தாம்ப்டன், மில்டன் கீன்ஸ் என்று வளர்ந்துகொண்டிருந்த டவுன்களுக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று கட்டினது. 3,000 ஏக்கருக்கு மேல் முங்கியது. நெதர் ஹாம்பில்டன் என்ற கிராமம் முழுசாகப் போயிற்று, மிடில் ஹாம்பில்டனில் அனேகமாக எல்லாமே போயிற்று. நார்மண்ட்டன் சர்ச்சின் மேல்பாதி மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கிறது, கீழ்ப்பாதியைக் கல் போட்டு நிரப்பிவிட்டார்கள். இன்றைக்கு எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். நானும் எடுத்திருக்கிறேன், உனக்கு அனுப்பினதும் அதுதான். அன்றைக்கு அங்கே நின்றபோது எனக்கு அதன் அழகு தெரியவில்லை. வேறே ஊரில் ஜனம் பெருகினதற்கு இந்த ஊர் நிலத்தைக் கொடுத்தது. இனி ஜனம் குறைவு என்பதற்காகப் பேரையும் கொடுக்க வேண்டுமா என்றுதான் தோன்றியது.

கவுண்டி என்ற பேர் போகாது, லார்ட் லெப்டினன்ட் இருப்பார் என்று சமாதானம் சொல்கிறார்கள். ஓக்கம் கோட்டையில் குதிரை லாடங்களும் இருக்கும். அந்தக் கோட்டையில் மிச்சமிருப்பது 12-ஆம் நூற்றாண்டு மண்டபம் ஒன்றுதான். முதல் தடவை இந்த ஊருக்கு வரும் பிரபு ஒரு லாடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது பழைய வழக்கம். 200-க்கு மேல் சுவரில் தொங்குகின்றன, எல்லாம் தலைகீழாக. வா, காட்டுகிறேன்.

2021 மார்ச்சில் இங்கே கணக்கெடுத்தபோது ஊரடங்கு. டார்ச் லைட்டோடு யாரும் வரவில்லை. தபாலில் ஒரு குறியெண் வந்தது, மகள் கம்ப்யூட்டரில் நிரப்பினாள். முக்கிய மொழி எது என்று ஒரு கேள்வி. "அம்மா, இங்கிலீஷ்னு போடட்டுமா?" என்றாள். நானே நகர்ந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் 'தமிழ்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன்.

அங்கே இந்த வருஷம் வீட்டுப் பட்டியல் எடுக்க வருவார்கள், அடுத்த வருஷம் ஆள் கணக்கு என்று எழுதியிருந்தாய். ஆள் கணக்கில் நான் வர மாட்டேன், சரிதான். ஆனால் என் வீடு வரும், பூட்டிக் கிடந்தாலும் எண் போட்டே ஆக வேண்டும். வாசல் நிலைக்குப் பக்கத்தில் நம் கையாலேயே 1991 கணக்கெடுப்புக்காக எழுதினோமே, அந்த இடத்தில் இப்போது சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும். கணக்கெடுக்க வரும் பிள்ளையிடம் சொல்லி நல்ல இடமாகப் பார்த்து எழுதச் சொல். எழுதினதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

உன்
வசந்தா